நூல் சுற்றிய கரண்டி

அப்பாவின் அஸ்தியைக் கரைக்கக் காசிக்குப் போய்வந்த குமரகுரு, "இனிமே எனக்கு மீன் வேண்டாம்க்கா, அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றான். வீட்டின் சொந்தக்காரி பிலோமினா ஏனென்று கேட்கவில்லை. மாடி அறையில் வாடகைக்குத் தங்கி, அவள் சமைக்கும் சோற்றையே சாப்பிடுகிறவனுக்காகப் புது மண்சட்டியும் கரண்டியும் வாங்கினாள். மாறிவிடாமலிருக்கக் கரண்டிக் காம்பில் சிவப்பு நூல் சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு அடுப்பில் அவளுக்கு மீன் குழம்பு, இன்னொன்றில் அவனுக்குச் சாம்பார். மீன் குழம்பில் உப்புப் பார்த்த கை, அதே கரண்டியைச் சாம்பாரிலும் விட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. கூடத்தில் அவன் தட்டோடு உட்கார்ந்திருந்தான். பிலோமினா சாம்பாரைக் கொல்லையில் கொட்டி, சட்டியையும் அங்கேயே போட்டு உடைத்தாள். மீன் படாத வேறு பாத்திரத்தில் பருப்பை ஏற்றினாள்.

"கொஞ்சம் நேரமாகும் தம்பி. ஆமா, எல்லாரும் ஏதோ ஒரு காயைத்தானே விட்டுட்டு வருவாங்க. நீ ஏன் மீனை விட்டே?"

"ரொம்பப் பிடிச்சதைத்தான் விடணுமாம்க்கா."

சொல்லிவிட்டு அவன் அடுப்படிப் பக்கம் மூச்சை மெல்ல இழுத்தான். பிலோமினா அதைப் பார்த்தாள். கொதித்துக்கொண்டிருந்த மீன் சட்டியைத் துணி பிடித்து இறக்கி, இறுக மூடி, பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.