பதினோரு மாதப் பெட்ரோல்

சோக்கை இழுத்துவிட்டால் வண்டி ஓடியது. உள்ளே தள்ளினால் உயிரை விட்டது.

காலையிலிருந்து ஒன்பது முறை இதே கூத்து.

குடியிருப்பின் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில், பழைய போர்வையை விரித்துத் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கணவர். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். இடது கையில் ஸ்பேனர். வலது கை மடியில்.

வேலை அவளுக்கு, மேற்பார்வை அவருக்கு. சரி என்றால் ஸ்பேனரால் நாற்காலியில் ஒரு தட்டு. தப்பு என்றால் இரண்டு.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். ஓடாத வண்டிக்கு இங்கே இடமில்லை, மூன்று மணிக்கு இரும்புக்கடை வேன் வரும், ஏற்றிவிடலாம் என்று. அது ஓடும் என்று அவளும் வீம்புக்குச் சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்கு இப்போது கை உழைத்துக்கொண்டிருந்தது.

செகண்ட் ஹேண்ட் மோட்டார் பைக். வேறு ஊருக்குக் குடிபோன ஒரு போட்டோகிராபரிடம் வாங்கியது. அவருக்கு முன்பே இரண்டு கை மாறியிருந்தது. வந்த புதிதில் அவள் கணவர் மூன்று மாதம் அதன் மேலேயே குடியிருந்தார். எதிர்க் கடையில் உப்பு வாங்குவதற்கும் வண்டிதான்.

பிறகு பதினோரு மாதம், தூணோடு தூணாக அது நின்றுவிட்டது.

நின்ற பெட்ரோல் சும்மா இருக்குமா? இன்று காலை அவர் ஸ்பேனரால் கார்புரேட்டரைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஸ்பேனரை மடியில் போட்டுவிட்டு, அதே கையால் தன் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டினார். மூச்சடைப்பு. பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து, உள்ளே எங்கேயோ வழியை அடைத்திருக்கிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

பெட்ரோல் குழாயை மூடினாள். நான்கு திருகைக் கழற்றி, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தை இறக்கினாள். அதன் மேலே இருந்தது ஜெட். சட்டைப் பொத்தானைவிடச் சின்னப் பித்தளைத் துண்டு. அதையும் கழற்றி, நடுவில் பெட்ரோல் போக இருக்கவேண்டிய துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

ஒரே இருட்டு.

இம்மாத்துண்டுக்காகவா இத்தனை பெரிய வண்டி படுத்துக்கிடக்கிறது என்று கேட்டாள். பதிலையும் அவளே சொல்லிக்கொண்டாள். அந்த வீட்டில் கேள்வியும் அவள்தான், பதிலும் அவள்தான்.

ஜெட்டைப் புதுப் பெட்ரோலில் ஊறப்போட்டாள். பிறகு ரவிக்கையில் செருகியிருந்த ஊசியை எடுத்தாள்.

இரண்டு தட்டு. நாற்காலியே அதிர்ந்தது.

ஊசி பட்டால் பித்தளை கீறும், துளை பெரிதாகும். அப்புறம் வண்டி பெட்ரோலைக் குடித்தே தீர்த்துவிடும். அவர் கட்டைவிரலை வாய்க்குச் சாய்த்துக் குடிகாரன் போலத் தலையை ஆட்டியதில் அத்தனையும் இருந்தது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். விறுவிறுவென்று மாடியேறிப் போய், சேலைக்கு ஓரம் அடிக்கும் நைலான் நூலை எடுத்து வந்தாள். கண்ணுக்கே தெரியாத நூல். கம்பி மாதிரி விறைப்பு. ஆனால் எதையும் கீறாது.

அவர் நூலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரே ஒரு தட்டு, மெதுவாக.

முப்பது வருடப் பழக்கம் விடுமா? கோப்பதற்கு முன் நூல் நுனியை நாக்கில் வைத்து நனைத்தாள். விரலெல்லாம் பெட்ரோல். தூ தூ என்று அவள் துப்பிய துப்பில் அவர் தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

நாலாவது தடவை நூல் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. இழுத்தாள், விட்டாள், ஊதினாள். மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். துளைக்குள் ஒரு சின்ன வானம்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்துக் கையைத் துடைத்தபோது, போர்வையில் ஒரு திருகு மிச்சம் இருந்தது. அவர் பார்ப்பதற்குள் முந்தானையால் மூடினாள். பார்த்துவிட்டார். இரண்டு தட்டு. அதையும் தேடிப் பொருத்தினாள்.

இரண்டே முக்காலுக்குப் பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு உதைத்தாள். ஏழு உதைக்கு மசியாத இன்ஜின் எட்டாவதில் பிடித்துக்கொண்டது. அந்த இடமே கிடுகிடுத்தது. வாசலில் நின்ற காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

ஆனால் சோக்கை இழுத்த நிலையில் காலையிலும்தான் ஓடியது. இனிமேல்தான் விஷயம். அவள் விரல் லீவர் மேல் போய் நின்றது. தள்ள மனம் வரவில்லை.

"சோக்கைத் தள்ளு."

"தள்றேன், தள்றேன், அதுக்கு ஏன் கத்துறீங்க" என்றபடியே தள்ளினாள்.

இன்ஜின் அணையவில்லை. கத்தலை நிறுத்தி, நிதானமாக, ஒரே சீராக ஓடத் தொடங்கியது.

அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பினாள். அவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார், பேசியது யாரென்று தேடுகிறவர் போல.

பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்த நாளிலிருந்து, பதினோரு மாதமாக, அந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. வந்தால் வரும், அவசரப்படாதீர்கள் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார்.

அரை நாள் மல்லுக்கட்டி ஓடவைத்த வண்டியை அவள் சாவியைத் திருகி அணைத்தாள். சத்தம் இல்லாமல் கேட்கவேண்டும்.

அவர் முகம் சிவந்துவிட்டது. நன்றாக ஓடுகிற வண்டியை யாராவது அணைப்பார்களா? ஸ்பேனரைக்கூட மறந்து, உதட்டைக் கோணிக்கொண்டு, திட்டுவதற்குச் சொல் தேடினார்.

தையல்காரி நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, காதைக் கிட்டே கொண்டுபோய், வாங்கிக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தாள்.