பெயர் எழுதாத துண்டு

"ஹோல்ட். பொருள் சொல்லும் பாப்பம்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த என் கணவர் தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்.

ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி அவர். கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவில் கெடாவுக்கு என்னைக் கூட்டிவந்த நாளிலிருந்து தினம் ஓர் ஆங்கில வினைச்சொல். துரைசாணியோடு நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

அவர் கையில் ஒரு துண்டு இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியே போகிறவர்களுக்கு ஆபீஸில் எழுதித் தருவது.

நேற்று நான் அம்மாசியின் கையில் வைத்தது.

"பிடித்தல்," என்றேன். "தாங்குதல். கொள்ளுதல்."

"வேர்?"

"ஆதியில், மாடுகளைக் காவல் காத்து மேய்த்தல்."

அகராதியில் அப்படித்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"முக்கியமானதை விட்டிட்டீர். தடுத்து வைத்தல்." துண்டை மேசையில் போட்டார். "விடியக் காலமை அந்த அம்மாசி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போயிட்டாள். இதைக் காட்டியிருக்கிறாள். காவல்காரனும் வாங்கி வச்சுக்கொண்டு வழிவிட்டிருக்கிறான்."

அம்மாசி பால்மரம் வெட்டிப் பாலெடுப்பவள். புருஷன் குரூண் பக்கத்துத் தோட்டமொன்றில் காய்ச்சலாய்க் கிடந்தான். போய்ப் பார்க்க மூன்று முறை உத்தரவு கேட்டாள். மூன்று முறையும் துரை மறுத்தார். மறுத்ததை அவளுக்குத் தமிழில் சொன்னவர் என் கணவர்.

துண்டில் ஆங்கிலத்தில் ஒரே வரி. இதைக் கொண்டுவரும் பெண்ணைத் தடுத்து வைக்க வேண்டாம். பெண்ணின் பெயர் இல்லை. கீழே இவருடைய ஒப்பம்.

"என்ர எழுத்தை அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கிறான், எளிய நாய்! ஆரெண்டு பிடிக்காமல் விடமாட்டன்."

எழுதியிருக்கிறான் என்றார்.

இவருடைய எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் ஆங்கிலம் எழுதப் பழகினேன். இவரே நாலு வரிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார்.

சோற்றைப் பரிமாறினேன். குழம்பு கேட்டார், ஊற்றினேன்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"கெட்டிக்காரன்தான். ஆனாலும் மடையன். திகதியைப் பாரும். பெப்ரவரி ஒன்பது! மூண்டு மாதத்துக்கு முந்தினது."

குனிந்து பார்த்தேன்.

பிழை ஒன்றுமில்லை. அன்றைக்கு இவர் சுங்கை பட்டாணிக்குப் போயிருந்தார்.

நான் இந்தத் துண்டோடு தோட்டத்து வாசல்வரை நடந்து போய், திரும்பி வந்து, உலை வைத்தேன்.