குழுவில் மூன்றாவது ஆள்

"லிந்தாங்கை நேர்ல பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான் சேனோ. இந்தோனேசியாவின் செமராங் துறைமுகத்துக்குப் பின்னால், கடல்நீர் ஏறிக் கிடந்த சந்தில் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நடந்தான்.

"நீயும் நானும்தான் அவன் குரூப்பு. நாமளே பார்த்ததில்ல. வேற யாரு பார்த்திருக்கப் போறாங்க?" என்றாள் விதுரி. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கணினிப் பாதுகாப்பு வகுப்பில் மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிடமும் ஒரு பயிற்சி சர்வரை ஒப்படைத்திருந்தார்கள். மற்ற குழுக்கள் அதற்குள் நுழையப் பார்க்கும். இவர்கள் காக்க வேண்டும். பேசிப் படிக்க இணையத்தில் குழுவுக்கென்று ஒரு பக்கம். வேறு கல்லூரியிலிருந்து இந்த ஆண்டு மாறி வந்த லிந்தாங், அந்தப் பக்கத்தில் மட்டும்தான் வருவான். உடம்பு சரியில்லை, வீட்டிலிருந்தே செய்கிறேன் என்பான். போனை எடுக்க மாட்டான். கேமராவைத் திறக்க மாட்டான்.

ஆரம்பத்தில் அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவன் கேட்கிற கேள்வியா இது என்று சேனோ எரிச்சல்பட்டான். விதுரிதான் பொறுமையாக அடியிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். போன மாதம், இவர்கள் இருவரும் கோட்டைவிட்ட ஓர் ஊடுருவலைக் கண்டுபிடித்ததே லிந்தாங்தான்.

வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு. ஒருவர் வராவிட்டாலும் மூவருக்கும் பூஜ்யம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். என்னால் வர முடியாது, மன்னித்துவிடுங்கள் என்று காலையில் லிந்தாங் எழுதியிருந்தான். அலுவலகத்தில் முகவரி வாங்கிக்கொண்டு, கையோடு இழுத்துப் போவதென்று கிளம்பி வந்துவிட்டார்கள்.

கதவைத் திறந்த பெண்ணின் கைகளில் மீன் செதில் ஒட்டியிருந்தது. லிந்தாங்கைப் பார்க்க வந்திருப்பதாக விதுரி சொன்னதும், அவள் உள்ளே போய் ஒரு சிறு பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தாள். இறந்தவருக்காக நூறாம் நாள் ஓதும்போது வந்தவர்களுக்குக் கொடுப்பது. அட்டையில் ஒரு பையனின் படம். கீழே லிந்தாங் என்ற பெயர். இறந்த தேதி, வகுப்பு தொடங்குவதற்குப் பதினொரு நாள் முந்தியது.

சேனோ இரண்டடி பின்வாங்கினான். விதுரி போனில் குழுப் பக்கத்தைத் திறந்தாள். லிந்தாங்கின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, இன்னைக்குக் காலையிலகூட அவன் எங்களுக்கு எழுதினானே," என்றாள்.

அந்தப் பெண் கைகளைத் துடைத்துக்கொண்டு, மூலையில் திறந்திருந்த லேப்டாப்பின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"முதல் நாள், பிள்ளை இல்லைன்னு சொல்லத்தான் இதைத் திறந்தேன். நீ விதுரிதானே? 'வா லிந்தாங், சேர்ந்தே படிப்போம்'னு எழுதியிருந்தே. எனக்கு மனசு வரலம்மா."