நோய் கொடுத்தவன்

பிராணிக் கடை செல்லக்கனியின் காலரைப் பிடித்து, கால்நடை டாக்டர் ரெஜினாவிடம் இழுத்து வந்தான் ஜெரால்ட். எண்ணூர்ப் புகைக்குக் கட்டிய கர்ச்சீப்கூட முகத்தைவிட்டு அவிழவில்லை. மறுகையில், உள்ளங்கையளவு மார்மோசெட் குரங்கு செத்துக் கிடந்தது.

“நோய்க் கொரங்கை என் தலையில கட்டிட்டான் டாக்டரம்மா! எம்பொண்ணு சோறு துன்னாம அழுதுகினு கீது!”

“எங்கடையில நல்லாத்தானய்யா இருந்துச்சு!”

“வாய மூடு! இதுக்கும் எதுனா ஆச்சு, உன்ன உயிரோட வுட மாட்டேன்!”

ஜெரால்டின் சட்டைப் பையிலிருந்து அதன் ஜோடிக் குரங்கு எட்டிப் பார்த்தது.

டாக்டர் செத்த குரங்கின் வாயைத் திறந்தார். நாக்கெல்லாம் புண்.

“ஹெர்பிஸ் வைரஸ் மாதிரி இருக்கு. மனுஷங்களுக்கு உதட்டுல கொப்புளமா வந்து, தானே போயிடும். இந்தக் குரங்குக்குத் தொத்துனா சில நாள்ல உயிரே போயிடும்.”

“பாத்தியா? உன்கிட்டருந்துதான்டா தொத்திச்சு!” ஜெரால்ட் கையை ஓங்கினான்.

செல்லக்கனியின் உதடுகள் சுத்தமாக இருந்தன.

“எப்படித் தீனி குடுப்பீங்க?” என்று ஜெரால்டிடம் கேட்டார் டாக்டர்.

“வாழப்பழத்த மென்னு, வாயோட வாய் வெச்சு ஊட்டுவேன். பெத்த புள்ள மாதிரி வளத்தேன்!”

“கர்ச்சீப்பை அவிழுங்க.”

முறைத்துக்கொண்டே அவிழ்த்தான். கீழுதட்டில் கொப்புளங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

ஓங்கிய கை இறங்கிச் சட்டைப் பையைப் பொத்தியது.

“காலையில இதுக்கும் ஊட்டினேனே டாக்டரம்மா...”