அளவுக்கு நின்ற ஆள்

“அந்த ஆளை மட்டும் நகரவிடாதீங்க மேடம். அவனை நம்பித்தான் எங்க கம்பெனியே இருக்கு” என்றார் சுரங்கக் கம்பெனி மேனேஜர்.

அந்த ஆள் எங்கே நகர்வது? அறுபது வருஷத்துக்கு மேலாகச் சுரங்கத்துக்குள், பாறையை ஒட்டி, கையில் விளக்கோடு நின்றது நின்றபடி இருக்கிறான். இன்று காலையில்தான் படம் பதிந்த பழைய கண்ணாடித் தட்டிலிருந்து கம்ப்யூட்டர் திரைக்கு வந்து சேர்ந்தான்.

பழைய சுரங்கப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் காப்பகம் அது. அதன் காப்பாளருக்கு விடிந்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கட்டிடம் சுரங்கக் கம்பெனியுடையது, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிய படங்களெல்லாம் ஒழுகுகிற கிடங்குக்குப் போகப்போகின்றன. இந்த ஒரு படம் கம்பெனிக்கு உதவினால் கட்டிடத்தை விட்டுக்கொடுப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தானா அவளுடைய மாமியார் வந்து நிற்க வேண்டும்? வீட்டுச் சாவி மருமகளின் கைப்பையோடு ஆபீசுக்கு வந்துவிட்டதாம். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எங்கப்பா எடுத்த படமாச்சே. நானும் பாக்கறேன்.”

அதுவும் நியாயம்தான். அந்தச் சுரங்கத்தில் பாறைகளைப் படம் பிடித்தவர் மாமியாரின் அப்பா. தட்டுகள் பெட்டி பெட்டியாக மாமியாரின் கட்டிலுக்கடியில்தான் கிடந்தன. ஆனால் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரிகிற அவற்றில் எது கல், எது மனுஷன் என்று வீட்டில் யாருக்கும் பிடிபட்டதில்லை.

“அத்தை, பெரிய மனுஷர் வந்திருக்கார். தயவுசெஞ்சு வாயைத் திறந்துடாதீங்க” என்று மருமகள் காதோரம் கெஞ்சினாள். அப்பா புராணத்தை ஆரம்பித்தால் மாமியார் லேசில் முடிக்கமாட்டார்.

“நான் எதுக்குத் திறக்கறேன்? எனக்கென்ன வந்தது?” என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாறையைப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சின்னக் கல் என்றால் பக்கத்தில் சுத்தியலை வைப்பார்கள். பெரிய பாறை என்றால் ஓர் ஆளை நிறுத்துவார்கள், அளவு தெரியட்டும் என்று. அந்தச் சுரங்கமோ மூடிக் கிடந்து தண்ணீரில் மூழ்கிவிட்டது, வரைபடங்களும் தொலைந்துபோயின. உள்ளே தாது எவ்வளவு உயரத்துக்கு இருக்கிறது என்று சொல்ல மிச்சமிருந்தது இந்த ஆள் ஒருவன்தான்.

பத்தடி உயரமாவது இருந்தால்தான் புது இயந்திரம் உள்ளே நுழையும். மேனேஜர் திரையின் மேலேயே ஸ்கேலை வைத்து அளந்தார்.

“இவனை மாதிரி இன்னொருத்தன் இவன் தலை மேல ஏறி நின்னா தாது முடியுது. ஆளுக்கு அஞ்சரை அடி, மொத்தம் பதினோரு அடி!”

கட்டிடம் தப்பித்தது என்று மருமகளுக்குத் தோன்றியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. “ஆள் கொஞ்சம் குட்டையா இருந்தா சார்?”

“எவ்வளவு குட்டைன்னாலும் அஞ்சடிக்குக் கீழயா இருக்கப்போறான்? அப்பவும் பத்தடி வந்துடுதே!”

“முகம்தான் தெரியல. தொப்பி காது வரைக்கும் இறங்கியிருக்கு, கோட்டு கணுக்கால்ல இடிக்குது.”

“கம்பெனி குடுக்கற உடுப்பு என்னைக்கு மேடம் அளவா இருந்திருக்கு?” என்று சொல்லிவிட்டு மேனேஜரே சிரித்தார்.

மாமியார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா, இது வந்து...”

“அத்தை!”

மருமகள் பார்த்த பார்வையில் மாமியார் கப்சிப். திரும்பிப் போய் உட்கார்ந்து சாவிக்கொத்தை உருட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் வேறு மருமகளின் உயிரை வாங்கியது.

மேனேஜர் அங்குமிங்கும் நடந்தார், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து இன்னொரு தடவை அளந்தார். பிறகு போனை எடுத்தார்.

“மோட்டாரை இறக்குங்க. தண்ணியை இறைக்க ஆரம்பிச்சிடலாம்... ஆமா, முதலாளிகிட்ட நானே சொல்லிட்டேன். என் பொறுப்பு.”

சொன்ன கையோடு கட்டிடத்துக்கான பத்திரத்தை எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். காப்பகம் இனி எங்கேயும் போகாது. மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், மாமியாரை அப்படி அதட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“மன்னிச்சுடுங்க அத்தை. உங்கப்பாதான் இன்னைக்கு இந்த இடத்தையே காப்பாத்திக் குடுத்திருக்கார்.”

மேனேஜருக்கும் இப்போது நல்ல மனநிலை. “அப்பவே ஏதோ சொல்ல வந்தீங்களேம்மா. இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?”

மாமியார் மருமகளைப் பார்த்தார். “பேசலாமா?”

“தாராளமாப் பேசுங்க அத்தை.”

மாமியார் மெல்ல எழுந்து வந்து, திரையில் அந்தத் தொப்பியை ஆசையோடு தடவிக் கொடுத்தார்.

“அன்னைக்கு அளவுக்கு நிக்க ஆள் யாரும் வரல. தொப்பி, கோட்டு, பூட்ஸ் எல்லாம் எங்கப்பாவுது” என்றார்.

“உள்ள நிக்கிறது நான். ஏழு வயசு.”