டீசல்தான் வேணும்

நிம்மதியான தூக்கத்துக்கு விலை முந்நூறு ரூபாய் என்பதைச் சுப்பராயலு நேற்றுதான் கண்டுபிடித்திருந்தார். அந்த முந்நூறை மெக்கானிக் தேவசகாயத்திடம் கொடுத்துத்தான், தன் பழைய கார் கடையின் மூலையில் நின்ற வெள்ளை டீசல் காரின் பேயை ஓட்டியிருந்தார்.

பேய் என்றால் ரிவர்ஸ் ஹாரன். மூன்று கை மாறி வந்த அந்த வண்டியில், எவரோ ஒரு சிறுமியின் குரலைப் பதிந்து மாட்டியிருந்தார்கள். 'பாத்து வாங்க... பின்னாடி நான் நிக்கிறேன்...' கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. மழை பெய்து ஒயரில் ஈரம் இறங்கினால், ஆளில்லாத காரிலிருந்து அது தானாகக் கூப்பிடும்.

வாட்ச்மேன் சம்பளத்தைக்கூடக் கேட்காமல் ஓடிப்போனான். சேதி கடலூர் முதுநகர் முழுக்கப் பரவி, பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேட்டோடு திரும்பினார்கள். ஒயர் கோளாறு என்று தெரிந்த சுப்பராயலுவுக்கே அந்தச் சிரிப்பு கனவில் வந்தது.

இன்றைக்கு என்னவென்றால், அதே டீசலைக் கேட்டு ஒருவர் வந்து நிற்கிறார். வைத்திலிங்கமாம், சிதம்பரத்தில் துணிக்கடையாம்.

"தெனம் எவ்ளோ சார் ஓடும்?"

"வீட்லருந்து கடைக்கு. ரெண்டு மூணு கிலோமீட்டர்."

"அதுக்குப் போயி டீசலா? இன்ஜெக்டர், டர்போன்னு ஒண்ணு மக்கர் பண்ணுச்சுன்னா கடையில இருக்கிற பட்டுப்பொடவ எல்லாம் அதுக்கே சரியாப் போயிடும். பக்கத்துல பாருங்க, அதே வண்டி, அதே வெள்ளை. பெட்ரோல். ஓடுறதே காதுக்குத் தெரியாது."

"டீசல்தான் வேணும்."

சுப்பராயலு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வேண்டாம் என்று தடுத்தால்தான் வாங்குகிறவனுக்கு ஆசை ஏறும். பெட்ரோலைப் புகழ்ந்தே டீசலைத் தலையில் கட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

வைத்திலிங்கம் நேரே பின்கதவுக்குப் போனார். தேவசகாயத்தையே மல்லுக்கு நிற்க வைக்கும் கதவு அது. இவர் கைப்பிடியை லேசாக மேலே தூக்கி இழுத்தார். சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைபோலத் திறந்துகொண்டது. 'தொழில் தெரிஞ்ச ஆளு, ஜாஸ்தி வாய் குடுக்கக் கூடாது' என்று சுப்பராயலு உஷாரானார்.

வைத்திலிங்கம் வண்டியைக் கிளப்பினார். டீசல் என்ஜின் கடகடவென்று உயிர்பெற்றதும் அவர் முகமும் உயிர்பெற்றது. ரிவர்ஸ் போட்டு ஒரு முழம் பின்னால் வந்தார். நிறுத்தினார். மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"ரிவர்ஸ்ல... சத்தம் ஒண்ணும் வராதா?"

ஊர்ப்பேச்சு இவர் காதுக்கும் போய்விட்டது என்று சுப்பராயலு முந்திக்கொண்டார். "ஒரு சத்தமும் வராது சார்! நேத்துதான் சுத்தமாக் கழட்டிப் போட்டோம். கண்டவன் சொல்றத நம்பாதீங்க."

வைத்திலிங்கம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக இறங்கினார். "வேணாங்க. வரேன்."

"அட, இன்னா சார் இது! விலை கொறச்சித் தரேன்!" ஆள் நிற்கவில்லை. கேட்டை நெருங்கிவிட்டார். வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் விளங்காது. "டேய் தேவசகாயம், அந்தப் பெட்ரோல வெளிய எடு!"

தேவசகாயம் பெட்ரோல் காரைப் பின்னால் எடுத்தான்.

'பாத்து வாங்க... பின்னாடி நான் நிக்கிறேன்...'

சுப்பராயலு துள்ளித் திரும்பினார். கொடுத்த முந்நூறு கண்முன்னால் பறந்தது. "தூக்கி எறின்னு சொன்னனேடா, பாவி!"

"நல்ல ஹாரன்ணே, எறிய மனசு வரல. ஒயர்லதான் கோளாறு. இதுல ஹாரன் இல்லாம இருந்துச்சு, அதான் மாட்டினேன்."

கேட்டருகே வைத்திலிங்கம் நட்ட கல்லாக நின்றிருந்தார். "இன்னொரு வாட்டி பின்னால எடு தம்பி," என்றார். எடுத்தான். சிரிப்பு முடியும்வரை கேட்டார். "இன்னொரு வாட்டி..."

பேய் இவரைப் பிடித்துவிட்டதோ என்று சுப்பராயலு ஓரடி தள்ளியே நின்றார். "பயப்படாதீங்க சார், அஞ்சு நிமிஷத்துல கழட்டிடறேன்."

"அதத் தொட்டீங்கன்னா எனக்கு வண்டி வேணாம்."

"டீசல்தான் வேணும்னீங்க?"

"இதக் குடுங்க. எவ்ளோ?"

பயத்திலும் வாய் தொழிலை மறக்கவில்லை. கூடவே ஒரு நாற்பதாயிரத்தைச் சேர்த்துச் சொன்னது. வைத்திலிங்கம் ஒற்றை ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை. அங்கேயே போனை எடுத்து பேங்கிலிருந்து முழுப் பணத்தையும் அனுப்பினார். பேரம் பேசாதவன் நாம் விற்காத எதையோ வாங்கிப் போகிறான் என்று பண்ருட்டிப் பலாமண்டியில் ஒரு பேச்சு உண்டு. சுப்பராயலுவுக்கு அது ஏனோ நினைவுக்கு வந்தது.

ஆதார் நகலுக்காக வைத்திலிங்கம் பர்ஸைத் திறந்தபோது உள்ளே ஒரு சிறுமியின் படம் தெரிந்தது. பல் விழுந்த சிரிப்பு. படத்தின் நெற்றியில் உலர்ந்த சந்தனப் பொட்டு.

சுப்பராயலு அவசரமாகக் கண்ணைத் திருப்பி மனக்கணக்குக்குள் ஒளிந்துகொண்டார். கூடுதலாக வந்தது நாற்பதாயிரம். பேயோட்டிய கூலி முந்நூறு போக மிச்சம் முப்பத்தொன்பதாயிரத்து எழுநூறு. கணக்கு நேர்தான். பிறகு ஏன் யாருக்கோ பாக்கி வைத்ததுபோல் இருக்கிறது?

வைத்திலிங்கம் பெட்ரோல் காரில் ஏறி உட்கார்ந்து, வீட்டுக்குப் போன் போட்டார்.

"அமிர்தம்... நாம வித்த வண்டியில இல்ல. வேற வண்டியில." பர்ஸை எதிரே டேஷ்போர்டில் வைத்தார்.

"வாசக்கதவத் தெறந்து வை. பாப்பாவக் கூட்டிட்டு வரேன்."