கல்யாண வீட்டுக்கு வழி

மலேசியாவின் மூவார் நகரைத் தாண்டியதும் போனில் வரைபடம் அசையவே இல்லை.

"இந்த ஜி.பி.எஸ். பெட்டிதான் சாட்டிலைட்டைப் பிடிச்சு, ப்ளூடூத்ல போனுக்குச் சொல்லும். அதுக்கு வானம் தெரியணும்," என்று நண்பன் ஸம்ரிக்கு விளக்கினேன்.

"அதுமேல சீர்த்தட்டை வச்சா எப்படிடா வானம் தெரியும்? கல்யாணத்துக்கு லேட்டாப் போனா மானம் போயிடும்!"

அசடு வழிய வெள்ளித் தட்டை எடுத்தேன். சிக்னல் வருவதற்குள் சாலையோரம், மலாய்க் கல்யாண வீட்டுக்கு அடையாளமாக நடும் ஜிகினாப் பூக்கம்பங்கள் தெரிந்தன.

"அதோ கல்யாண வீடு! வந்துட்டோம்," என்று வண்டியைத் திருப்பினேன்.

வாசலில் இறங்கியதும் பின்னால் கொம்பாங் மேளம் முழங்கியது. ஓர் அம்மா ஓடிவந்து, "ஒதுங்குங்க தம்பி, மாப்பிள்ளை வர்றாரு!" என்றார்.

குடைக்குக் கீழே யாரோ ஒருவர் பட்டுடையில் நடந்து வந்தார்.

ஸம்ரி என் கையைப் பிடித்தான். "அவரு மாப்பிள்ளைன்னா, எனக்காகக் காத்துக்கிட்டிருக்கிற பொண்ணு எங்கடா?"